வெள்ளை ஏரிக்குப் போன பஞ்சம்மாள்

ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் பொன்னுச்சாமியும் அவர் மனைவி முருகேஸ்வரியும் ஆட்டோவை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் பஞ்சம்மாளுக்குக் கை ஓடவில்லை. மிளகாய் வத்தல் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தவள், கோணி ஊசியைச் சாக்கிலேயே குத்தி நிறுத்திவிட்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். யாத்திரைக்கு வருகிறவர்கள் யார் யாரென்று, அதை நடத்துகிற குருநாதன் சமையல்காரியான அவளிடம் சொல்வதில்லை. இத்தனை பேர், இத்தனை நாள், அதற்கு ஏற்ற அரிசி பருப்பு என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும்.

பொன்னுச்சாமியின் மிளகாய்க் காட்டில் களை எடுத்து வளர்ந்தவள் அவள். திருவாடானைக்குக் கிழக்கே, கடலைப் பார்க்கப் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ஊர். அவளுடைய அய்யா அந்தப் பண்ணையிலேயே இருந்து அந்தப் பண்ணையிலேயே செத்தவர். இப்போது தம்பி தனுஷ்கோடி அங்கே வேலை பார்க்கிறான். முருகேஸ்வரி புதுப்பெண்ணாக வந்த காலத்தில், கூலி நெல் வாங்கப் போகிற பெண்கள் கொல்லைப்புறத்து வேலியோரம் நிற்க வேண்டும். கஞ்சி கேட்டால் கைக்கு எட்டாமல் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். ஏந்திய பாத்திரத்தில் பாதி, மண்ணில் பாதி விழும். அதைப் பற்றி அந்தக் காலத்தில் யாரும் பேசியதில்லை. அப்படித்தான் ஊற்றுவார்கள் என்று நினைத்திருந்தார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷத்தில் பஞ்சம்மாளை உப்பூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த கூத்தையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மிளகாய்க் காட்டு வெயில் ஒரு மாதிரி என்றால் உப்பளத்து வெயில் வேறு மாதிரி. மேலிருந்தும் அடிக்கும், கீழே வெள்ளையிலிருந்து திரும்பவும் அடிக்கும். பாத்தியில் உப்பு வாரி வாரி அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. ராக்கு என்று ஒரு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, பின்பக்கமாக வந்த உப்பு லாரி வரப்போரம் நின்ற கூத்தையாவைப் பார்க்கவில்லை. பஞ்சம்மாள் அடுத்த பாத்தியில்தான் நின்றாள். ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் ராமேஸ்வரத்தில் சத்திரங்களுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவப் போனவள் காய் நறுக்கினாள், காய் நறுக்கியவள் குழம்பு கூட்டினாள். யாத்திரை நடத்துகிற குருநாதன் அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, தன்னோடு காசிக்கு வருகிறாயா என்று கேட்டார். அவருடைய பழைய சமையல்காரர் நாக்பூரில் இறங்கிப் போனவர் திரும்பி வரவே இல்லையாம். அப்படி ஆரம்பித்ததுதான். காசி, கயா, ஹரித்துவார், பத்ரிநாத் என்று பஞ்சம்மாள் போகாத இடமில்லை. ரயில் நிலைய நடைமேடையில் பம்ப் அடுப்பைப் பற்றவைத்து நாற்பது பேருக்குப் புளியோதரை கிளறி எடுத்துவிடுவாள். இந்தி கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் ஏறியது. பேச்சில் தப்பு வரும், ஆனால் சொல்வது விளங்கும். ராக்குவைக் கமுதியில் கட்டிக்கொடுத்த பிறகு, வருஷத்தில் பாதி நாள் அவள் ஊரில் இருந்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில் குருநாதன் புதிதாக ஒரு பயணம் போட்டார். டெல்லி வரை ரயில், அங்கிருந்து விமானத்தில் லே. லடாக்கின் மடங்களையும் சிந்து நதியையும் பார்த்துவிட்டு, மலைக்கு மேலே ஓர் உப்பு ஏரிக்கரையில் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கித் திரும்புவது. வயதானவர்கள்தான் பெரும்பாலும் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் பொன்னுச்சாமி தம்பதியும் இருப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

முதல் நாள் ரயிலில் முருகேஸ்வரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று குருநாதனிடம் சொல்லி அனுப்பினார். பஞ்சம்மாளுக்குக் காரணம் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குப் போகவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் மதியம் பொன்னுச்சாமி தாமே எழுந்து அவள் அடுப்பு மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, எழுபதை நெருங்குகிற வயது.

"நீ எங்க பண்ணை வேலுச்சாமி மகதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"பசிக்குது. போடு."

அங்கேயே நின்றபடி சாப்பிட்டார். இன்னொரு தட்டில் வாங்கிக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்தார். முருகேஸ்வரி அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். டெல்லி போய்ச் சேர்வதற்குள் ரசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

லேயில் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் தோர்ஜே என்ற லடாக்கி. முன்னால் போகிற வண்டியை அவரே ஓட்டுவார், இடங்களைப் பற்றிச் சொல்வதும் அவர்தான். வயதானவர்கள் லேயில் மூன்று ராத்திரியாவது இருந்து உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே போகட்டும் என்று அவர் சொன்னார். குருநாதன் டிக்கெட் தேதிகளைக் காட்டி ஒரு ராத்திரிதான் என்று முடித்துவிட்டார். தலைவலி, வாந்தி, இருமல் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று தோர்ஜே இந்தியில் சொன்னதைக் குருநாதன் தமிழில் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டவர்களும் சிரித்தார்கள்.

பொன்னுச்சாமிக்கு அப்போதே இருமல் இருந்தது. வறட்டு இருமல். வாய்க்குள் கைத்துண்டை அழுத்திக்கொண்டு இருமுவதைப் பஞ்சம்மாள் ஒருதரம் பார்த்தாள். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். வீட்டம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார். தூசியால் வந்த இருமல் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மறுநாள் வண்டிகள் புறப்பட்டன. சிந்து நதியை ஒட்டிப் போய், பிறகு ஒரு பள்ளத்தாக்கில் திரும்பி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறின. கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்தியபோது கயிறு கயிறாகக் கட்டிய கொடிகள் காற்றில் படபடத்தன. இறங்கியவர்கள் நாலடி நடப்பதற்குள் நின்றுவிட்டார்கள். அங்கிருந்து மறுபக்கம் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்றாலும் கொஞ்சம்தான். ஏரி கிடக்கிற சமவெளியே லேயைவிட மிக மிக உயரத்தில் இருந்தது.

சாயங்கால வெயிலில் ஏரி தெரிந்தது. நடுவில் நீலமாகத் தண்ணீர், அதைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. பஞ்சம்மாள் வண்டியை விட்டு இறங்கியதும் தன்னையறியாமல் கண்ணுக்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டாள். உப்பளத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது, ஆனால் குளிர்ந்தது. தூரத்தில் காட்டுக்கழுதைகள் மந்தையாக மேய்ந்தன. தோர்ஜே எல்லோரையும் வரிசையாக உப்பின்மேல் நடத்திக்கொண்டு போனார். மேலே காய்ந்த தகடு, அடியில் சேறு, அதனால் என் தடத்திலேயே வாருங்கள் என்றார். ஒரு காலத்தில் இங்குள்ள ஆட்டுக்காரர்கள் இந்த உப்பைச் சுரண்டிச் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் ஏற்றி மலை தாண்டிக் கொண்டுபோய்ப் பார்லி வாங்கி வருவார்களாம்.

பொன்னுச்சாமி குனிந்து ஒரு சில்லை உடைத்து எடுத்தார். பின்னால் வந்த பஞ்சம்மாளிடம் நீட்டினார்.

"நீ உப்பளத்துக்காரிதானே. எப்பிடி இருக்குன்னு பாரு."

நாக்கில் வைத்தாள். "கசக்குதுங்கய்யா."

"எந்தம்பியும் அதத்தான் சொன்னான்."

மிலிட்டரியில் இருந்த தம்பி ஒருவன் அவருக்கு இருந்ததாகவும், அவன் லீவில் வந்தபோது, கடலே இல்லாத இடத்தில் மலைமேல் நம் உப்பூர் மாதிரி உப்புப் பூத்துக் கிடக்கிறது என்று சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை என்றும் அவர் சொன்னார். தம்பி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒருதரம் வந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது, பார்த்தாயிற்று என்றார். இவ்வளவையும் சொல்வதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். உதடு கறுத்திருந்தது. குளிர் என்று நினைத்தாள்.

கூடாரங்களை வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிட்டார்கள். அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. பஞ்சம்மாள் இரண்டு குக்கரிலும் மாற்றி மாற்றி வைத்து, மிளகு ரசமும் துவையலும் செய்து முடித்தாள். பலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொன்னுச்சாமி ஒரு வாய் ரசத்தோடு எழுந்துகொண்டார். வெயில் போனதும் காற்று எழுந்து கூடாரத் துணியைப் போட்டு அடித்தது.

அவள் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கண்ணயர்ந்த நேரம், யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். டார்ச் விளக்கோடு முருகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். 

"பஞ்சு, அவுகளுக்கு என்னமோ பண்ணுது. வாயேன்."

பொன்னுச்சாமி படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் ஊன்றியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருமியபோது துண்டில் நுரை வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அதில் லேசான சிவப்பு.

பஞ்சம்மாள் ஓடிப் போய்க் குருநாதனையும் தோர்ஜேயையும் எழுப்பினாள். ஓட முடியவில்லை, பாதி வழியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டுதான் போனாள். கொண்டுவந்திருந்தது ஒரே ஓர் ஆக்சிஜன் உருளை. அதை மாட்டினார்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் குருநாதன்.

தோர்ஜே ஒத்துக்கொள்ளவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, கீழே இறக்கினால்தான் பிழைப்பார், இந்த உருளை விடியும்வரை வராது என்றார். ஆனால் இன்னொன்றையும் சொன்னார். அதைப் பஞ்சம்மாளே அரைகுறை இந்தியில் இரண்டு தரம் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டாள். கீழே இறங்க வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். வந்த வழியில் அந்தக் கணவாயைத் தாண்டினால்தான் இறக்கம். ஏறுகிற நேரம் முழுக்க அவருக்கு இன்னும் மோசமாகும், தாங்குவாரா தெரியாது. மற்றத் திசையில் போனால் மணிக்கணக்கில் இதே உயரத்துச் சமவெளிதான். இருந்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து, வீட்டுக்காரர்கள் சொல்லட்டும் என்று முடித்தார்.

குருநாதன் தலையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் பத்துப் பன்னிரண்டு வயசாளிகள் கூடாரத்தில் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு நான் வர முடியாது, ராத்திரியில் கணவாய் ஏற்றுவதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன், நீங்களாகப் போனால் போங்கள் என்றார். முருகேஸ்வரி கைப்பேசியைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தார். சென்னையில் இருக்கிற மகன்களுக்குப் பேச அங்கே கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை.

கடைசியில் அவர் பஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லுடி. என்ன செய்யட்டும்?"

 அந்த வீட்டுக் காரியத்தில் பஞ்சம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "எனக்குத் தெரியலம்மா. நீங்க சொல்லுங்க, அதச் செய்யிறேன்."

முருகேஸ்வரி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணை மூடி மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். "போயிருவோம்" என்றார் முருகேஸ்வரி. "இங்கன கெடந்து சாக வேணாம். போயிருவோம்."

தோர்ஜே ஒரு பக்கமும் பஞ்சம்மாள் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார்கள். படுக்கவைக்க முடியாததால், பின் இருக்கையில் பஞ்சம்மாள் உட்கார்ந்து, அவரைத் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். முருகேஸ்வரி அவர் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். வண்டி வெள்ளைச் சமவெளியைத் தாண்டி மண் பாதையில் குலுங்கி, தார்ச் சாலையைப் பிடித்து ஏறத் தொடங்கியது.

ஏற ஏற அந்தக் கொதிக்கிற சத்தம் பெரிதானது. பஞ்சம்மாளின் நெஞ்சுக்குள்ளேயே கேட்பது போல இருந்தது. அவர் வேர்வை அவள் ரவிக்கையை நனைத்தது. பாதி மலையில் உருளை தீர்ந்தது. தோர்ஜே கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். வளைவுகளில் விளக்கு வெளிச்சம் வெறும் பள்ளத்தில் போய் விழுந்தது.

பொன்னுச்சாமி கையைத் தூக்க முயன்றார். பஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"எறங்கிட்டமா?" என்று கேட்டார். காற்றாகத்தான் வந்தது.

வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. முருகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எறங்கிட்டோம்யா" என்றாள் பஞ்சம்மாள். "எறங்கிட்டோம். ஊரு தெரியுது."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சத்தம் நின்றது. முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, சற்று ஓய்ந்திருக்கிறார் என்று. பிறகுதான் அந்த உடம்பின் கனம் வேறாக இருப்பதை உணர்ந்தாள். சொல்லாமல் இருந்தாள். கொடிகள் கட்டிய உச்சிக்கு வந்தபோது கிழக்கே சாம்பல் வெளுப்பு தெரிந்தது. தோர்ஜே வண்டியை நிறுத்தி, பின்பக்கம் வந்து கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு விலகி நின்றுகொண்டார்.

முருகேஸ்வரி அழவில்லை. கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துப் பஞ்சம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"நாந்தான் போகச் சொன்னேன்னு எம்பயலுகளுக்குத் தெரிய வேணாம்டி. அவய்ங்க என்னய மன்னிக்க மாட்டாய்ங்க. எனக்கு இனி அவய்ங்கதான்."

"நான் சொல்ல மாட்டேம்மா" என்றாள் பஞ்சம்மாள்.

லே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டதை எழுதிக் கொடுத்தார்கள். மகன்கள் இருவரும் மறுநாள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மூத்தவன் முத்துராமலிங்கம் தாயைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, நேராகக் குருநாதனிடம் போனான். யாத்திரைக் கூட்டத்தோடு வந்து சேர்ந்திருந்த குருநாதன் அதற்குள் தனக்கு வேண்டிய கதையைத் தயாராக வைத்திருந்தார். விடியட்டும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், இந்தப் பொம்பளைதான் டிரைவரைக் கிளப்பி, அம்மாவையும் பயமுறுத்தி, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்றார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. டிரைவரை எழுப்பியது அவள்தான், தூக்கிப் போட்டதும் அவள்தான். ஒரு ராத்திரியிலேயே லேயிலிருந்து கிளப்பியதைப் பற்றியோ ஒற்றை உருளையைப் பற்றியோ அவர் வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் முத்துராமலிங்கம் அவள் முன்னால் வந்து நின்றான். நாற்பது வயது ஆள். குழந்தையாக இருக்கும்போது மிளகாய்க் களத்தில் அவனைத் தூக்கி வைத்திருந்தவள் அவள்.

"எங்கய்யாவ மலை மேல ஏத்தச் சொல்லி ஒன்கிட்ட யாரு சொன்னா?"

பஞ்சம்மாள் அவனுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முருகேஸ்வரியைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று தரையைப் பார்த்தாள். தவறிப்போச்சுங்கய்யா என்று மட்டும் சொன்னாள். அவன் கை ஓங்கினான். தம்பிக்காரன் பிடித்துக்கொண்டான். சிந்து நதிக்கரையில் எரித்து, சாம்பலை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த ரயிலில் அவள் சமைத்ததை யாத்திரைக்காரர்கள் பாதிப்பேர் தொடவில்லை.

ஊருக்கு அவள் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. பொன்னுச்சாமியைப் பஞ்சம்மாள் கொன்றுவிட்டாள் என்று அது உருமாறியிருந்தது. பண்ணைக் காலத்துப் பகையை மனதில் வைத்துத்தான் செய்தாள் என்று சிலர் சொன்னார்கள். கஷாயத்தில் எதையோ கலந்தாள் என்றும் ஒரு பேச்சு. குருநாதன் அடுத்த யாத்திரைக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டார். மறுபடி உப்பளத்துக்குப் போனாள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, பழகின வெயில்தான்.

கருமாதி முடிந்த வாரம் தம்பி தனுஷ்கோடி வந்தான். மகன்கள் அவனைக் கூப்பிட்டு, இனி எங்கள் காட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். அய்யா காலத்திலிருந்து இருந்த வேலை. அவன் குடிசை நின்றதும் அவர்கள் இடத்தில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் வந்து நின்றான்.

"என்னதான்க்கா நடந்துச்சு? எங்கிட்டயாச்சும் சொல்லு. நீயா ஏத்தச் சொன்ன?"

பஞ்சம்மாளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவன் நேரே அந்த வாசலில் போய் நின்று கத்தியிருப்பான். அந்த அம்மா இரண்டு மகன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற கோலம் அவள் கண்ணுக்குள் வந்தது. மார்பில் சாய்ந்திருந்த அந்தக் கனமும் வந்தது.

"ஆமாப்பா. நான்தான்."

 அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே தனுஷ்கோடி போய்விட்டான். குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ராக்கு மட்டும் கமுதியிலிருந்து எப்போதாவது வந்து போனாள். அவளிடமும் ஊர்க்காரர்கள் ஜாடை பேசினார்கள். அவளும் கேட்டாள், அவளிடமும் அதே பதில்தான். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ராத்திரியில் படுத்தால் அவளுக்கு ஒரே யோசனைதான். அந்த அம்மா சொன்னார்கள் என்பது சரி. ஆனால் தெரியலம்மா என்று சொன்னது யார்? இருப்போம் என்று அவள் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்கிற முகமாகத்தான் அது அன்றைக்கு இருந்தது. இதை யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் முடியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாளில், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவளை மேஸ்திரி கூப்பிட்டார். வரப்பு மேல் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்தில் துணைக்கு யாருமில்லை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, உப்பு ரோட்டில் நடந்தே வந்திருக்கிறார். முருகேஸ்வரி இளைத்துப் போயிருந்தார். வெயிலுக்குக் கண் கூசியது அவருக்கு.

பஞ்சம்மாள் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். உப்புக் கொட்டகை நிழலில் சாக்கை விரித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முருகேஸ்வரி வாங்கிக் குடித்தார்.  தூரத்தில் பெண்கள் பலகை போட்டு உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டேன்" என்றார் முருகேஸ்வரி. "போன வாரம். ரெண்டு பயலுகளையும் ஒக்கார வச்சு, நாந்தாம்ப்பா போகச் சொன்னேன், அவ இல்லேன்னு சொல்லிட்டேன்."

பஞ்சம்மாள் தண்ணீர் கொடுத்த செம்பை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"நம்பலடி. ஒனக்குப் பரிஞ்சு பேசுறேங்கிறாய்ங்க. அம்மாவுக்கு மனசு சரியில்ல, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும்ங்கிறான் பெரியவன். சத்தியம் பண்றேன்னேன். வேணாம்மா, போதும்மான்னு எந்திரிச்சுப் போயிட்டான்."

சின்னவனிடம் தனியாகவும் சொல்லிப் பார்த்தாராம். அவன், இனிமேல் இதைக் கிளறினால் அண்ணன் தாங்க மாட்டான், விட்டுவிடுங்கள் என்றானாம். தனுஷ்கோடியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியும் கேட்டிருக்கிறார். அவன் இருந்த குடிசையைப் பிரித்து அந்த இடத்தில் தண்ணீருக்குப் போர் போட்டாயிற்று என்றார்கள்.

"அவுக செத்தப்பவே நான் வாயத் தொறந்திருக்கணும். அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாய்ங்க" என்றார்.  இல்லை என்று சொல்லப் பஞ்சம்மாளுக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

முருகேஸ்வரி, தாம் வந்ததே இதற்காகத்தான் என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"அங்கனயே இருந்திருந்தா பொழச்சிருப்பாகளா?"

இந்தக் கேள்விக்குப் பஞ்சம்மாள் எத்தனையோ ராத்திரி பதில் தேடியிருக்கிறாள். பிழைத்திருக்க மாட்டார், விடிவதற்குள் போயிருப்பார் என்று சொன்னால் எதிரில் இருக்கிற உயிருக்கு ஆறுதலாக இருக்கும். சாகக் கிடந்தவரிடம் ஒரு பொய்யைச் சொன்ன வாய்தான் அது. ஆனால் இந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா" என்றாள்.

முருகேஸ்வரி தலையை ஆட்டினார். வேறு பதில் வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார் போலிருந்தது. மதியக் கஞ்சியில் பங்கு வேண்டுமா என்று பஞ்சம்மாள் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, இப்போது பண்ணையைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிற பெரியவன் வீட்டுக்கு வருவதற்குள் போக வேண்டும்.

வெயிலில் இருவரும் ரோடு வரை நடந்தார்கள். திருவாடானை பஸ் வந்ததும் பஞ்சம்மாள் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள். முருகேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவில் போய்விட்டது. மேஸ்திரி சத்தம் போடுவார் என்ற நினைப்பு வர, பஞ்சம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பி நடந்தாள்.